மேல் அட்டை

நந்தாதீபம் கார்மென்ட்ஸின் பேக்கிங் செக்‌ஷனில் பெட்டிகள் நிறையாமல் போக ஆரம்பித்தது ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை டீ வருவதற்குச் சற்று முன்பு. இருபத்து நான்கு பனியன் பிடிக்கிற பெட்டியில் மைனாவதி இருபத்தைந்தாவதை வைத்தாள், அது உட்கார்ந்தது. முப்பதாவதை வைத்தாள், அதற்கும் இடம் இருந்தது. நூறாவதையும் வைத்துவிட்டுத் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினால் உள்ளே சில்லென்று இருந்ததே தவிர அடி அகப்படவில்லை. அவள் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள், ஏனென்றால் திருப்பூரில் டீக்காரன் யாருக்காகவும் நிற்க மாட்டான்.

மைனாவதி பயந்த சுபாவம். பல்லி கத்தினால் பயப்படுவாள், இரண்டு நாள் கத்தாவிட்டால் அதற்கும் பயப்படுவாள். காஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்கு வருவாள். மூன்று வருஷத்துக்கு முன்பு புருஷன் மும்பைக்கு வேலைக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிய அன்று மட்டும் பயப்பட மறந்துபோனாள், அன்றைக்குத்தான் பயந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் அவளும் ஐந்து வயது மகள் தாரணியும்தான்.

வேலையில் அவளுடைய பெரிய பயம் கத்தி. இங்கே ஒட்டுகிற பெட்டி கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்துக் கடையின் பின்கட்டில் போய் இறங்கும், அங்கே யாரோ ஒருத்தர் டேப்பின் மேல் பிளேடு கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுப்பார், அந்தக் கத்தி ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கினால் மேலே இருக்கிற துணி இரண்டாகிவிடும். அதற்காகத்தான் பெட்டியை மூடும் முன் துணிக்கு மேல் ஒரு அட்டையை வைப்பது. மேல் அட்டை என்று அதற்குப் பெயர். மற்றவர்கள் வைப்பார்கள், மறப்பார்கள். மைனாவதி பதினோரு வருஷத்தில் ஒரு நாள் மறந்ததில்லை, சில நாள் இரண்டு வைப்பாள். அதோடு நிற்காமல் டேப்பின் நுனியை முக்கோணமாக மடித்து விடுவாள், கத்தியே இல்லாமல் நகத்தால் தூக்கி உரிக்கட்டும் என்று. பக்கத்து மேசை ரஹ்மத், சட்டைக்கு என்ன ரத்தமா வரப்போகிறது என்று கேலி பண்ணுவாள்.

இங்கிலீஷ் வந்தது கம்பெனியால்தான். சரக்கு வாங்குகிற தேசத்துக்காரர்கள் அதே அளவுப் பெட்டிக்குள் முன்னைவிட அதிகம் வைக்கச் சொல்லி, எதை எப்படி வைக்க வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு தாள் அனுப்பினார்கள். சூப்பர்வைசர் அப்புக்குட்டி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு நல்ல தாள் என்றார். முதலாளி உடுமலையிலிருந்து எஸ்தர் டீச்சரை வரவழைத்தார். வேலைக்கு முன் அரை மணி நேரம், ஏழு நாள், ஏழு வார்த்தை.

வைப்பதற்கு இத்தனை வார்த்தையா என்று பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ஏன், நீங்கள் செருகுவதும் திணிப்பதும் அடைப்பதும் அமுக்குவதும் ஒன்றா என்று டீச்சர் கேட்டு வாயை மூட வைத்தார். டக் என்றால் கொசுவத்தை இடுப்பில் செருகுவது. ஸ்டஃப் என்றால் கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பது. ஸ்குவீஸ் என்றால் காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் ஏறுவது, ஜாம் என்றால் ஏறியவள் இறங்க முடியாமல் நிற்பது. க்ராம் என்றால், போதும் போதும் என்று மகள் சொல்லச் சொல்ல அம்மா அவள் பையில் முறுக்கை வைத்து ஜிப்பை இழுப்பது. வெட்ஜ், மேட்டில் நிற்கிற வண்டியின் டயருக்குக் கல் கொடுப்பது. ஷவ், வர மாட்டேன் என்கிற ஆட்டைப் பின்னாலிருந்து ஆட்டோவுக்குள் தள்ளுவது. வாயால் சொல்லிக்கொண்டே கையால் செய்யுங்கள், அப்போதுதான் மறக்காது என்றார் டீச்சர். நாற்பது பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார்கள், வெளியிலிருந்து கேட்டால் பஜனை மடம் மாதிரி இருந்தது.

டீச்சரிடம் இன்னொரு தாளும் இருந்தது, வெளியே எடுப்பதற்கான வார்த்தைகள் அதில் இருந்தன. அப்புக்குட்டி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவிழ்க்கிறது நம்ம ஊர் வேலை இல்லை, அதை அந்த ஊரில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை; நாற்பது பேரில் ஒருத்தியும் தான் ஒட்டிய பெட்டி திறக்கப்படுவதைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. டீச்சர் அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உடுமலை பஸ்ஸில் ஏறினார். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

பரவாயில்லையே, டீச்சர் வந்துவிட்டுப் போனது வீண் போகவில்லை என்றார் அப்புக்குட்டி. நூறு பெட்டிச் சரக்கு ஒரு பெட்டிக்குள் போயிற்று, எவ்வளவு போனாலும் பெட்டி காலிப் பெட்டியின் கனம்தான் கனத்தது, சுண்டு விரலில் தூக்கலாம். வாங்குகிறவர்கள் நன்றி சொல்லிவிட்டு இன்னும் சின்னப் பெட்டியும் இன்னும் பெரிய ஆர்டரும் அனுப்பினார்கள். வார்த்தைகள் கம்பெனிக்குக் கம்பெனி, தெருவுக்குத் தெரு பரவின. லைன் வீட்டுக்காரர்கள் கட்டிலைப் பெட்டிக்குள் வைத்தார்கள், கிரைண்டரை வைத்தார்கள், சைக்கிளை வைத்தார்கள், வேண்டும்போது கையை விட்டு இழுத்துக்கொண்டார்கள், முதல் முறையாகக் காலை நீட்டித் தூங்கினார்கள். விசாரிக்க வந்த ஏட்டு ஸ்டேஷனில் இடம் போதவில்லை என்று இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு போனார். கல்யாண மண்டபத்துக்காரர் ஐந்நூறு நாற்காலிகளை ஒரு பெட்டியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

பெட்டிக்கு ஒரே ஒரு நியதி இருந்தது, அதையும் ஊர் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. வாய் திறந்திருக்கும் வரைக்கும் உள்ளே இருப்பது உன்னுடையது. டேப் ஒட்டி விலாசம் போட்டுவிட்டால் அது விலாசத்துக்குச் சொந்தம். ரஹ்மத்தின் அண்ணன் வீடு மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, பல்லடத்து விலாசத்தை எழுதி அங்கே போய்த் திறந்தார். கட்டிலும் பீரோவும் வெள்ளாடும் பால் பொங்குகிற மாதிரி பெட்டியின் வாய்க்கு ஏறி வந்து நின்றன. ஆனால் அப்புக்குட்டி ஒரு நாள் லேபிள் மாற்றுவதற்காக, ஒட்டிய பெட்டி ஒன்றை இங்கேயே அறுத்தார். அறுநூறு குழந்தைச் சட்டைகள் வைத்த பெட்டி. உள்ளே ஒரு நூல் கூட இல்லை. அந்த அறுநூறும் இன்று வரை எங்கேயும் வந்து சேரவில்லை. பல்லடத்து வெள்ளாடும் முன்னை மாதிரி இல்லை என்று ரஹ்மத் சொன்னாள். மேய்ச்சலுக்கு விட்டாலும் வேலி மூலையில் போய் நாலு காலையும் ஒரு சாண் இடத்துக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றதாம்.

எல்லாம் மேலே பொங்கி வருவதால் கத்திக்கு முதல் துணி தப்பவில்லை. அந்தத் தேசத்திலிருந்து ஒரு கடிதமும், அதோடு ஒரு குழந்தைச் சட்டையும் வந்தது, கழுத்திலிருந்து கீழ் வரைக்கும் ஒரே கோடாக அறுபட்டது. முதலாளி, ஆயிரத்தில் ஒன்று போனால் போகட்டும், பெட்டி வாயில் அட்டையை வைத்துக்கொண்டிருந்தால் நேரம் ஆகிறது என்று மேல் அட்டையையே நிறுத்தி, இருந்த அட்டைகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். அறுபட்ட சட்டை நோட்டீஸ் போர்டில் குண்டூசியில் தொங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மைனாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பிறகு பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். பிள்ளைகளை எங்கே விடுவது என்று ஒவ்வொரு வருஷமும் பெண்கள் படுகிற பாடு ஊருக்கே தெரியும். இந்த வருஷம் யார் முதலில் செய்தது என்று தெரியவில்லை, கேட்டால் இவள் அவளைக் காட்டினாள், அவள் இவளைக் காட்டினாள். வைகாசி பிறப்பதற்குள் பேக்கிங் செக்‌ஷன் மேசைகளுக்கு அடியில் வாய் திறந்த பெட்டிகள் வரிசையாக இருந்தன, அவற்றுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். உள்ளே வெயில் இல்லை, கொசு இல்லை, பசி கூட அவ்வளவாக இல்லை. சத்தம் போடக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம், ஏனென்றால் சரக்கு வாங்குகிறவர்களின் ஆட்கள் திடீர் திடீரென்று சுற்றிப் பார்க்க வருவார்கள். சாயங்காலம் கையை விட்டு எடுத்தால் புதுத்துணி வாசனையோடு வெளியே வந்தார்கள். அடம் பிடிப்பதில்லை. ஓடுவதில்லை. பாய் முழுவதும் காலியாகக் கிடந்தாலும் முழங்காலை நெஞ்சோடு மடக்கி ஒரு மூலையில் படுத்துத் தூங்கினார்கள். லீவில் பிள்ளை இவ்வளவு சமத்தாக இருந்ததே இல்லை என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டார்கள், சொல்லும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

சாயங்காலம் கையை விட்டபோது பெட்டியே இல்லாமல் போனதும் நடந்தது. அடுத்த தெருக் கம்பெனியில் ஒன்று என்றார்கள், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு என்றார்கள். யாரும் திருடவில்லை. லோடு ஏற்றுகிற அவசரத்தில் ஒட்டியே பழகின கை ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் வாய்விட்டு அழக்கூட இல்லை, தன் கையாலேயே செய்ததை எந்த வாயால் அழுவது. மறுநாளும் வேலைக்கு வந்து, உலகப் படம் போட்ட காலண்டருக்கு எதிரே நின்று மதியச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

மைனாவதி மட்டும் மகளை வைக்கவில்லை. எதிர் அறை அம்மாளிடம் விட்டுவிட்டு வந்தாள். ரஹ்மத்துக்குப் பிள்ளை இல்லை, அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை; மற்றவர்கள் சிரித்தார்கள், இவள் புள்ளைக்கு மட்டும் தனி அரண்மனை வேண்டுமாம் என்றார்கள். வைகாசி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில் எதிர் அறை பூட்டிக் கிடந்தது, அந்த அம்மாள் ஊரில் சாவு என்று விடியலில் கிளம்பிவிட்டிருந்தாள். அன்றைக்குப் பெரிய லோடு, வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். மைனாவதி பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பயந்தவள் எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்ய முடியுமோ அவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாள். தன் மேசைக்கு அடியில், தன் பாதத்தில் உரசுகிற மாதிரி பெட்டியை வைத்தாள். பெட்டியின் ஓரத்தில் பச்சை நூல் கட்டினாள். மகளின் கொலுசு சலங்கை வைத்தது, சத்தம் கேட்டுவிடும் என்று இரண்டு காலிலிருந்தும் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சாயங்காலம் வரைக்கும் சத்தமே போடக் கூடாது கண்ணு. ஆரு கூப்பிட்டாலும் பேசாத இருக்கோணும்.”

“நீ கூப்பிட்டா?”

“நான் கூப்பிட மாட்டன். கைய உட்டு எடுத்துக்குவன்.”

தாரணி தலையை ஆட்டினாள். மைனாவதி மகளைக் கொழுக்கட்டைக்குள் பூரணம் வைக்கிற மாதிரி வைத்தாள், அந்த வார்த்தையை முணுமுணுக்கும்போது அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

காலை முழுவதும் பாதத்தில் பெட்டி உரசிக்கொண்டே இருந்தது. டீக்குப் போகவில்லை, சோற்றுக்குப் போகவில்லை, ஒன்றுக்குக் கூடப் போகவில்லை. மூன்று மணிக்குக் கண்டெய்னர் லாரி கேட்டில் வந்து ஹாரன் அடித்தது. அப்புக்குட்டி லிஸ்டை வைத்துக்கொண்டு ஒரு பெட்டி குறைகிறது, ஒரு பெட்டி குறைகிறது என்று கத்தினார், இருக்கிற சரக்கை எதிலாவது போட்டு ஒட்டுங்கள் என்றார், மைனா மைனா என்று அவள் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். அவள் கண்ணும் காதும் அப்புக்குட்டியிடம் இருந்தன. பதினோரு வருஷத்துக் கைக்குக் கண்ணும் காதும் தேவையில்லை. கை குனிந்து, அகப்பட்ட பெட்டியைத் தூக்கியது, கனம் இல்லை, எந்தப் பெட்டிக்கும்தான் கனம் இல்லையே. மேசையில் இருந்த நாலு சட்டையை உள்ளே போட்டது, மடிப்பை மூடியது, டேப்பை கர்ரென்று இழுத்தது, நுனியை முக்கோணமாக மடித்தது, லேபிளை உரித்து ஒட்டி உருளைகளின் மேல் தள்ளிவிட்டது. துணியில் உடைந்த ஊசி இருக்கிறதா என்று பார்க்கிற மெஷினுக்குள் பெட்டி போயிற்று, உள்ளே இரும்போ வெள்ளியோ இருந்தால் அது கூவும், கூவவில்லை. உள்ளே இருந்தவளும் சத்தம் போடவில்லை. போடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மூன்றரை மணிக்கு டீ சங்கு ஊதியது. மைனாவதி மகளுக்கென்று வைத்திருந்த பன்னை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தாள். வெறும் தரையில் பச்சை நூல் அறுந்து கிடந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள். லேபிள் உரித்த மெழுகுத்தாள் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கத்தியது கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் கேட்டது. எல்லோரும் ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் அப்படியே நின்றார்கள். தங்களுக்கு வராததற்காக உள்ளுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்கள், கும்பிட்டதற்காக வெட்கப்பட்டார்கள். அப்புக்குட்டி கெட்டவர் இல்லை, லிஸ்டைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்தார்.

“அறுத்தா ஒண்ணுமே இருக்காது அம்மணி, உனக்கே தெரியும். உட்டுப்போடு. பத்தரமா அட்ரஸுக்குப் போயிரும்.”

“போயிரும்ங்க. அங்க அறுப்பாங்களே” என்றாள் மைனாவதி.

எல்லோருடைய கண்ணும் நோட்டீஸ் போர்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. தாரணி எப்படித் தூங்குவாள் என்று மைனாவதிக்குத் தெரியும். மல்லாந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுத் தூங்குவாள். விலாசத்தில் பெட்டி எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து நிறுத்தும். டேப்புக்கு நேர் கீழே முகம். இடையில் அட்டை இல்லை.

அவள் லாரிக்கு ஓடினாள். லாரிக்குள் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, அவளுடையது கடைசியாக ஏறியதால் வாசலிலேயே இருந்தது; முக்கோண மடிப்பைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. தாரணி தாரணி என்று கூப்பிட்டாள். நான் கூப்பிட மாட்டேன் என்று சொன்னவள் கூப்பிட்டால் பிள்ளை எப்படி நம்பும்.

பின்னாலேயே ரஹ்மத் வந்தாள். மூடிய பெட்டிக்குள் ஒன்றைச் செலுத்த ஒரே வழிதான் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. பேக்கிங் லிஸ்ட் தாளை உள்ளே வைக்க மறந்துவிட்டால் அதற்காகப் பெட்டியை அறுக்க மாட்டார்கள். ஓரத்தில், மடிப்பும் சுவரும் சேர்கிற இடத்தில் நகம் போகிற அளவு ஒரு கீறல் இருக்கும், அதன் வழியாகத் தாளைச் செருகிவிடுவார்கள். டக். ஏழு வார்த்தைகளில் மிக மெல்லியது. ஒரு காலிப் பெட்டியைக் கிழித்து அட்டை கொண்டு வருகிறேன், அதைச் செருகிவிடலாம் என்றாள் ரஹ்மத். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டு கதவைச் சாத்த ஆளை அனுப்பிவிட்டார்.

“அட்டை போயி புள்ளையத் தூக்கி மடில வெச்சுக்குமா ரஹ்மத்து?”

ரஹ்மத் அவளைப் பார்த்தாள். பிறகு, கத்தி வெட்டை உடம்பில் எங்கே வாங்கிக்கொள்வாய் என்று கேட்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். கேட்க வேண்டியதில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது.

“என்னைச் செருகு” என்றாள் மைனாவதி. “எனக்குக் கை நடுங்குது. உன்ற கைதான் சுத்தமா வரும்.”

ரஹ்மத் அழுதுகொண்டே செருகினாள். முதலில் விரல் நுனிகள் போயின, பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள். புடவையைக் கொசுவுகிற மாதிரி ஒவ்வொரு மடிப்பாகத் தோழியைப் பிடித்துப் பிடித்து, டக் டக் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கீறலுக்குள் அனுப்பினாள். மைனாவதி வாழ்நாள் முழுவதும் பயந்ததையெல்லாம் சேர்த்து அந்த ஒரு நிமிஷத்தில் பயந்தாள், நெஞ்செலும்பு தாளாக மடிவது அவளுக்குக் கேட்டது, ஆனாலும் கையை முன்னால் நீட்டியபடியே போனாள். கடைசியில் குதிகால் மட்டும் வெளியே இருந்தது. ரஹ்மத் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதையும் செருகினாள். கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே இருட்டு. மேலே எது கீழே எது என்று தெரியாத இருட்டு, சில்லென்று, புதுத்துணி வாசனையோடு. அவள் துழாவிக்கொண்டு இறங்கினாள், ஒரு சட்டை அகப்பட்டது, இன்னொரு சட்டை, மூன்றாவது, நாலாவது, பிறகு வெகு தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு வெதுவெதுப்பாக ஒரு பாதம். அதைப் பிடித்த வேகத்தில் அவளுக்கு அழுகை வெடித்தது. பாதம் அசையவில்லை. அவள் முழங்காலைத் தடவி, வயிற்றைத் தடவி, கன்னத்தைத் தடவிய பிறகுதான் காதுக்குள் மெதுவாக ஒரு குரல் வந்தது.

“சாயங்காலம் ஆயிருச்சாம்மா?”

“இன்னும் இல்ல சாமி. அம்மா இங்கியே இருக்கறன்.”

அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. லாரி ஓடியது, நின்றது. பெரிய சங்கிலிகள் எங்கேயோ அழுதன. அதன் பின் எல்லாமே ஆடத் தொடங்கியது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், விடாத தூளி மாதிரி, அதுதான் கடல் என்று அவள் நினைத்தாள். நாலு சட்டையில் ஒன்றை விரித்து ஒன்றைப் போர்த்தி மகளை மடியில் போட்டுக்கொண்டு, அட்டையை நிறுத்தியவர்களை வைதாள், எஸ்தர் டீச்சரை வைதாள், மும்பைக்காரனை வைதாள், கடைசியில் தன் இரண்டு கையையும் பார்த்து வைதாள். வைது முடித்ததும் மறுபடி பயம் வந்தது. இடுப்பிலிருந்து கொலுசுகளை எடுத்து இருட்டில் தடவித் தடவி மகள் காலில் மாட்டினாள். தாரணி சத்தம் வராமல் காலை மடக்கிக்கொண்டாள்.

ஒரு நாள் ஆட்டம் நின்றது. தெரியாத பாஷையில் பேச்சு கேட்டது, தள்ளுவண்டிச் சக்கரம் கேட்டது, பெட்டி எதன் மேலோ வைக்கப்பட்டது. உடனே கீழேயிருந்து ஏதோ அவர்களைத் தூக்க ஆரம்பித்தது. பால் பொங்குவது போல என்று ரஹ்மத்தின் அண்ணன் சொன்னது இதைத்தான். சட்டைகள் ஏறின, அவர்களும் ஏறினார்கள், தாரணி மேலே மேலே போகப் பார்த்தாள். மைனாவதி அவளை இழுத்துத் தனக்கு அடியில் போட்டு, கையையும் காலையும் பெட்டியின் நாலு சுவரிலும் டயருக்குக் கொடுத்த கல்லாக முட்டுக் கொடுத்து, முதுகை மேலே காட்டிக் குப்புறப் படுத்தாள். முதுகுக்கு ஒரு விரற்கடை மேலே டேப். அதற்கு மேலே டிக், டிக், டிக் என்று பிளேடைக் கைப்பிடியிலிருந்து தள்ளுகிற சத்தம்.

“தாரணி, கால ஆட்டு.”

“சத்தம் வரும்மா.”

“வரட்டும். ஆட்டு.”

“சத்தம் போடக் கூடாதுன்னு நீதான சொன்னே.”

நீதானே சொன்னாய். கத்தி டேப்பில் இறங்கியது. தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தது, டேப் அறுபடுகிற சத்தம் அவள் பிடரிக்கு நேராக வந்தது. ஜாக்கெட்டுத் துணி விரிவது தெரிந்தது, பிறகு சில்லென்று ஒன்று தோலைத் தொட்டது, பிறகு சில்லென்று இல்லை. அவள் நகரவில்லை. நகர்ந்தால் அடுத்தது பிள்ளை.

“நான் சொன்னது தப்பு கண்ணு” என்றாள் மைனாவதி. “அம்மா சொன்னது தப்பு. ஆட்டு.”

தாரணி காலை உதைத்தாள். கொலுசு சலங்கை அத்தனையும் ஒரே நேரத்தில் குலுங்கியது. கத்தி நின்றது.

கத்தி மெதுவாக, வந்த வழியே வெளியே போயிற்று. அதன் பிறகு பெட்டியின் மேல் நகங்கள் தேடுகிற சத்தம் கேட்டது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், முக்கோணமாக மடித்த நுனியைக் கண்டுபிடித்து, கர்ரென்று உரித்தன. வெளிச்சம் விழுந்தது. குனிந்து பார்த்த முகம் ஒரு பெண்ணுடையது, வெளுத்த முகம், வயது ஐம்பது இருக்கும், விரல்களில் மைனாவதியின் விரல்களில் இருப்பது போலவே டேப் அறுத்த தழும்புகள். வெளியே எடுப்பதற்கு என்ன வார்த்தை என்று மைனாவதிக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் வாயில் ஒன்றும் வரவில்லை, இரண்டு கையையும் மட்டும் நீட்டினாள். மைனாவதி மகளைத் தூக்கி அந்தக் கைகளில் கொடுத்தாள்.

பிறகு முதுகில் ரத்தம் வழிய அவளும் பெட்டிக்குள் எழுந்து நின்றாள், நின்றவள் அப்படியே உறைந்துபோனாள். கோயில் மண்டபம் போலப் பெரிய இடம் அது. தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டிகள், இந்தக் கம்பெனி முத்திரையும் அந்தக் கம்பெனி முத்திரையும் போட்ட திருப்பூர்ப் பெட்டிகள். வரிசைக்கு ஒருவராக ஆட்கள் நின்று அறுத்துக்கொண்டிருந்தார்கள், டிக் டிக் டிக் என்று எல்லாப் பக்கமும் கேட்டது. பெட்டிகளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகளின் அமைதி அது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அமைதி.

பல்லி கத்தினால் பயப்படுகிற மைனாவதி அடி வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, லோடு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துகிற குரலில் கத்தினாள்.

“கண்ணுகளா, சத்தம் போடுங்க. அம்மா சொல்றன். எல்லாரும் கால ஓங்கி உதைங்க.”

கத்தி வைத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் மறுபடி கத்தினாள், அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. வெளுத்த பெண்ணின் இடுப்பிலிருந்த தாரணி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொலுசுக் காலால் பக்கத்துப் பெட்டியை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி உதைத்தார்கள்.